தொப்புள்கொடியும் ஔஷத தானமும்

(ஆவடியில் நம் அறக்கட்டளையின் சார்பில் நடைபெற்ற பகவான் மகாவீரர் ஜயந்தி விழாவில், ஓய்வுபெற்ற குருதியியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என நான்கு தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். இவற்றுள் ஔஷத தானத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நோயுற்றவருக்கு மருந்து வாங்கித் தருவதும், மருத்துவ முகாம் நடத்துவதும் நாம் நன்கு அறிந்தவை. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. மனித உடலே மருந்தாக அமையும் ஒரு சிகிச்சையைப் பற்றியது. தொப்புள்கொடியில் உள்ள குருத்தணுக்கள், அதாவது மருத்துவமனைகளில் ‘ஸ்டெம் செல்’ என்று சொல்கிறார்களே, அவை எந்த நோய்க்குப் பயன்படுகின்றன, எதற்குப் பயன்படவில்லை, அவற்றால் தீங்கு நேருமா என்பனவற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இந்தப் பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் நம் சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளந்தம்பதியர் என் இல்லத்திற்கு வந்தனர். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழாம் மாதம். அவர்கள் கையில் ஓர் ஒப்பந்தப் படிவம் இருந்தது. பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியைப் பல ஆண்டுகள் உறைநிலையில் சேமித்து வைக்கும் ஒப்பந்தம் அது. கட்டணம் பல்லாயிரம் ரூபாய். மாதத் தவணையிலும் செலுத்தலாம் என்று எழுதியிருந்தது. எண்பது நோய்களுக்கு இதில் தீர்வு உண்டு என்று அதன் முகப்பில் அச்சிட்டிருந்தார்கள். “ஐயா, நாளை குழந்தைக்கு ஏதாவது ஒன்று நேர்ந்தால், அன்று பணத்தைப் பார்த்து விட்டுவிட்டோமே என்று நாங்கள் வருந்த நேரிடாதா?” என்று அந்தப் பெண் கேட்டாள். அச்சத்திலிருந்து எழுந்த கேள்வி அது. அவளுக்கு நான் அளித்த விடையைத்தான் இன்று விரித்துச் சொல்லப் போகிறேன்.

முதலில் அடிப்படையைக் காண்போம். நம் குருதியில் உள்ள சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூன்றும் சில நாட்களோ சில மாதங்களோ வாழ்ந்து மடிபவை. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். மடிந்தவற்றின் இடத்தை நிரப்பப் புதிய அணுக்களை எலும்பு மஜ்ஜை இடைவிடாது உண்டாக்குகிறது. அவ்வாறு உண்டாக்கும் மூல அணுக்களே குருத்தணுக்கள். வாழையடியில் கன்று தோன்றுவது போல ஒன்றிலிருந்து பலவாகப் பெருகவும், தேவைக்கேற்ப மூவகை அணுக்களாக மாறவும் வல்லவை அவை. கருவிலிருக்கும் குழந்தையின் குருதியிலும் இவை மிகுதியாக உலவுகின்றன. குழந்தை பிறந்து கொடி அறுக்கப்பட்ட பின்னர், கொடியிலும் நஞ்சிலும் ஏறத்தாழ 50 முதல் 150 மில்லிலிட்டர் வரை குருதி எஞ்சி நிற்கும். முன்பு அது கழிவாக அகற்றப்பட்டது.

அக்கழிவு மருந்தாகும் என்பது 1988-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பாரிஸ் நகரில் மெய்ப்பிக்கப்பட்டது. பான்கோனி இரத்தசோகை என்னும் பிறவி நோயால் எலும்பு மஜ்ஜை செயலிழந்துகொண்டிருந்த ஐந்து வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது சேகரித்து உறையவைத்த தொப்புள்கொடிக் குருதியை, புனித லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் என்னும் பெண் மருத்துவர் செலுத்தினார். அமெரிக்க அறிவியலாளர் ஹால் பிராக்ஸ்மையர் அக்குருதியைப் பதப்படுத்திக் காத்துத் தந்தார். சிறுவன் நலமடைந்தான். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் நலமாகவே வாழ்ந்தான். அன்று தொடங்கி இன்றுவரை உலகெங்கும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இம்முறையில் சிகிச்சை நடந்துள்ளது. இரத்தப் புற்றுநோய், தலசீமியா, எலும்பு மஜ்ஜைச் செயலிழப்பு, பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு, சில வளர்சிதை மாற்ற நோய்கள் ஆகியவற்றுக்கு இது நிறுவப்பட்ட சிகிச்சை. இதில் ஐயமில்லை.

நம் நாட்டிலும் இத்துறை புதிதன்று. 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. நம் ஆரணிக்கும் வந்தவாசிக்கும் அண்மையில் உள்ள வேலூரில், தலசீமியாவால் வாடிய எத்தனையோ பிள்ளைகள் உடன்பிறந்தாரின் மஜ்ஜையால் பிழைத்திருக்கிறார்கள். சென்னையிலும் பல மருத்துவமனைகளில் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

அவ்வாறாயின் ஒவ்வொரு குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியையும் சேமித்து வைப்பதுதானே அறிவுடைமை என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நாம் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். அந்தப் பாரிஸ் சிறுவனுக்குக் கொடுத்தது அவனுடைய சொந்தக் கொடியின் குருதியன்று. தங்கையின் கொடியிலிருந்து எடுத்தது. இந்த ஒரு குறிப்பில் விடை முழுவதும் அடங்கியிருக்கிறது.

தலசீமியா மரபணுவில் உள்ள பிழையால் வருவது. அப்பிழை குழந்தையின் ஒவ்வோர் அணுவிலும் உண்டு. அதன் தொப்புள்கொடிக் குருதியிலும் உண்டு. பிழையுள்ள விதையை மீண்டும் விதைத்தால் பிழையுள்ள பயிரே முளைக்கும். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயிலும், நோய்க்கு வித்தான அணுக்கள் பிறக்கும்போதே கொடிக்குருதியில் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மேலும், பிறருடைய குருத்தணுக்கள் எஞ்சிய புற்றணுக்களைப் பகையென அறிந்து தாக்கும். தன்னுடையவை அவ்வாறு தாக்குவதில்லை. ஆகவே ‘எண்பது நோய்கள்’ என்னும் அந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது பிறர் கொடையே. குழந்தை தன் கொடிக்குருதியைத் தனக்கே பயன்படுத்தும் வாய்ப்பு, வாழ்வின் முதல் இருபது ஆண்டுகளில் 2,500 பேரில் ஒருவர் முதல் 2,00,000 பேரில் ஒருவர் வரை என்பதே மருத்துவ அமைப்புகள் எடுத்துக்காட்டும் கணக்கு. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இல் வெளியிட்ட கருத்துரையும், எதிர்காலக் காப்பீடு என்று கருதித் தனியார் வங்கியில் சேமிப்பதைப் பரிந்துரைக்கவில்லை.

மற்றொரு கணக்கையும் பாருங்கள். மாற்றுச் சிகிச்சைக்கு நோயாளியின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ இரண்டரைக் கோடி அணுக்களேனும் வேண்டும். ஒரு பையில் நூறு கோடி அணுக்கள் இருப்பதாகக் கொண்டால், நாற்பது கிலோ எடையுள்ளவருக்கே அது போதுமானது. வளர்ந்தவர்களுக்கு ஒரே பை போதாமல், இருவர் கொடிக்குருதியைச் சேர்த்துச் செலுத்தும் வழக்கம் இதனால்தான் தோன்றியது. உறையவைத்த குருதி நெடுநாள் நிலைக்குமா என்னும் கேள்விக்குப் பிராக்ஸ்மையர் குழுவினர் 2011-இல் விடை தந்தனர். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் உறைநிலையில் இருந்த குருத்தணுக்கள் உயிர்ப்புடன் இருந்ததை அவர்கள் காட்டினர். ஆகவே காலத்தால் கெடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அளவு போதுமா, தேவை எழுமா என்பவையே நாம் கேட்க வேண்டியவை.

சேமிப்பது மிகவும் பொருத்தமான ஒரு சூழல் உண்டு. அதையும் மறவாமல் கூறவேண்டும். வீட்டில் மூத்த குழந்தைக்குத் தலசீமியாவோ மஜ்ஜைச் செயலிழப்போ இருந்து, தாய் மீண்டும் கருவுற்றிருந்தால், இளைய குழந்தையின் கொடிக்குருதியைக் கட்டாயம் சேகரிக்கச் சொல்லுங்கள். உடன்பிறந்தோர் இருவருக்குத் திசுப்பொருத்தம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொருந்தினால் தம்பியோ தங்கையோ பிறந்த அன்றே மூத்த பிள்ளைக்கு ஔஷத தானம் செய்தவராகிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதலும் இத்தகைய குடும்பங்களுக்கே சேமிப்பை அறிவுறுத்துகிறது.

இனிப் பாதுகாப்பைப் பற்றிக் கூறுகிறேன். கொடியை அறுத்த பின் அதிலிருந்து குருதி எடுப்பதால் தாய்க்கோ சேய்க்கோ வலியில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. குழந்தை பிறந்தவுடன் கொடியை அவசரமாக அறுக்கலாகாது. ஒரு நிமிடத்துக்குக் குறையாமல், மூன்று நிமிடம் வரை பொறுத்து அறுப்பதே நன்று என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த நேரத்தில் நஞ்சில் உள்ள குருதி குழந்தையின் உடலுக்குள் பாய்கிறது. பின்னாளில் இரும்புச்சத்துக் குறைபாடு வராமல் காக்கிறது. பை நிறைய வேண்டும் என்பதற்காக அந்த நிமிடங்களைச் சுருக்கினால், குழந்தைக்கு இன்று உரியதை, என்றோ வரக்கூடும் என்ற ஒன்றுக்காகப் பறித்தவர்களாவோம்.

மாற்றுச் சிகிச்சை எளியதன்று என்பதையும் அறிதல் வேண்டும். முதலில் நோயாளியின் பழைய மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் அழிப்பார்கள். புதிய அணுக்கள் வேர்கொள்ளும்வரை உடலுக்கு நோயெதிர்ப்பு ஆற்றல் இராது. கொடிக்குருதியில் அணுக்கள் குறைவாதலால் அது வேர்கொள்ள மூன்று, நான்கு வாரங்கள் ஆகலாம். அதுவரை தொற்றுநோய் அச்சம் மிகுதி. புதிய அணுக்கள் நோயாளியின் உடலையே அயலெனக் கருதித் தாக்குவதும் உண்டு. கொடிக்குருதியில் இத்தாக்குதல் சற்றுக் குறைவு. ஆகவேதான் திசுப்பொருத்தம் முழுமையாக அமையாவிடினும் அதைப் பயன்படுத்த முடிகிறது. உயிரைக் காக்க வேறு வழி இல்லாதபோது ஏற்கத்தக்க இடர் இது.

இப்போது என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் ஒன்றைச் சொல்லுகிறேன். என் தம்பியின் பேரனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். அவனுக்கு நான்கு வயதாக இருந்தபோது, வெளியூர் மருத்துவ நிலையம் ஒன்றில் குருத்தணு ஊசி போட்டால் நடப்பான் என்று யாரோ கூறினர். தம்பி என்னிடம் வந்து கருத்துக் கேட்டார். அதற்குப் போதிய சான்று இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அவர் முகத்திலிருந்த நம்பிக்கையைக் கலைக்க மனம் வரவில்லை. “முயன்று பாருங்கள்” என்று பட்டும் படாமலும் கூறி அனுப்பினேன். ஊரில் இருந்த நன்செய் விற்கப்பட்டது. நான்கு முறை முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். ஒருமுறை கடும் காய்ச்சல் கண்டு பிள்ளை துவண்டான். பயன் ஏதும் இல்லை. இன்று அவன் இயன்முறைப் பயிற்சியாலும் தாயின் பொறுமையாலும் கைத்தாங்கலுடன் சில அடிகள் நடக்கிறான். அன்று நான் காத்த மௌனம் வாய்மையும் அன்று, அகிம்சையும் அன்று. நிலம் போனதைவிட, பயிற்சியில் செலவிட்டிருக்க வேண்டிய ஓராண்டு போனதே பேரிழப்பு. இதை இந்த அவையில் சொல்லாவிடின் என் கடன் தீராது.

மூளை முடக்குவாதத்திற்கும் ஆட்டிசத்திற்கும் கொடிக்குருதி உதவுமா என்பதை அறிவியல் நேர்மையாகவே ஆராய்ந்து வருகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 180 ஆட்டிசக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2020-இல் வெளிவந்தது. கொடிக்குருதி பெற்றவர்களுக்கும் வெறும் நீர்மம் பெற்றவர்களுக்கும் சமூகப் பழக்கங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூளை முடக்குவாதத்தில் அதே பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தக் குழுவில் வேறுபாடு தெரியவில்லை. மிகுந்த அளவு அணுக்கள் பெற்ற சில குழந்தைகளிடம் மட்டும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. ஆய்வு தொடர வேண்டும் என்பதற்கு இது காரணமாகலாம். நிலத்தை விற்பதற்குக் காரணமாகாது. ஆட்டிசத்திற்குக் குருத்தணு சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-இல் தெளிவாகக் கூறியுள்ளது.

தீங்கும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டில், மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் என்று சொல்லிக் கொடிக்குருதியிலிருந்து செய்த ஊசிமருந்தைப் போட்டுக்கொண்டவர்களுள் 12 பேர் பாக்டீரியாத் தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். புளோரிடா மாநிலத்தில், தம் உடற்கொழுப்பிலிருந்து எடுத்த குருத்தணுக்களைக் கண்ணில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்மணிகள் பார்வையிழந்த செய்தி 2017-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்கள் ஆளுக்கு ஐயாயிரம் டாலர் கட்டணம் செலுத்தியிருந்தனர். அதனை ஆராய்ச்சி என்றே சிலர் நம்பியிருந்தனர்.

இங்கு அமர்ந்திருப்போருள் பலர் கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றியவர்கள். 1961-இல் அத்தொழிற்சாலை இங்கு அமைந்த பின், திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து நம் தந்தையரும் தமையன்மாரும் இந்த ஆவடிக்கு வந்து குடியேறினார்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆய்வுப் பிரிவின் முத்திரை பெறாத ஓர் உதிரிப்பாகத்தை நீங்கள் டாங்கியில் பொருத்துவீர்களா? சோதனை ஓட்டம் முடியாத வண்டியைப் படைக்கு அனுப்புவீர்களா? இரும்பு வண்டிக்கு இத்தனை எச்சரிக்கை காட்டிய நாம், பேரப்பிள்ளையின் முதுகுத்தண்டில் முத்திரையில்லாத மருந்தைச் செலுத்த இசையலாமா?

அந்த முத்திரையை நம் நாட்டில் யார் இடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இணைந்து 2017-இல் தேசிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. குருதி சார்ந்த நோய்களுக்கான குருத்தணு மாற்று மட்டுமே நிறுவப்பட்ட சிகிச்சை. பிற யாவும் முறையான ஆராய்ச்சிக்குள் மட்டுமே நடைபெறலாம் என்பது அவற்றின் சாரம். தொப்புள்கொடிக் குருதியைச் சேமிக்க இசைவு உண்டு. கொடியின் திசு, நஞ்சு, பல் முதலியவற்றிலிருந்து எடுக்கும் அணுக்களை வணிக முறையில் சேமிக்க அவ்வழிகாட்டுதலில் இசைவில்லை. மருத்துவ ஆராய்ச்சிகள் யாவும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பங்கேற்பவரிடம் ஆய்வுச் சிகிச்சைக்குக் கட்டணம் பெறலாகாது. ஆகவே யாரேனும் குருத்தணு ஊசியைப் பற்றிக் கூறினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த நோய்க்கு நிறுவப்பட்ட சிகிச்சை? ஆராய்ச்சியானால் அதன் பதிவெண் என்ன? ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம்? இம்மூன்றுக்கும் நேரான விடை வராவிடின் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் அவைக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு மூதாட்டியார், “இதில் உயிர்க்கொலை ஏதும் உண்டா?” என்று என்னைக் கேட்டார். மிகச் சரியான கேள்வி. 1998-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் பிரித்தெடுத்த மனிதக் கருமுளைக் குருத்தணுக்களைப் பெற, சில நாள் வளர்ந்த கருமுளை அழிய வேண்டியிருந்தது. தொப்புள்கொடிக் குருதியில் அவ்வாறு எதுவும் இல்லை. குழந்தை பிறந்த பின் எஞ்சியதையே எடுக்கிறோம். 2006-இல் ஜப்பானிய அறிஞர் யமனாகா, சாதாரண அணுவையே குருத்தணுவாக மாற்றும் வழியைக் கண்டார். அதிலும் கருமுளை தேவையில்லை. ஆனால் மற்றொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். ஆய்வகத்தில் அணுக்களைப் பெருக்கி வளர்க்கும் முறைகள் பலவற்றில், பசுவின் வயிற்றிலுள்ள கன்றின் குருதியிலிருந்து எடுத்த நீர்மம் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. கொடியின் திசுவிலிருந்து வளர்த்தெடுக்கும் அணுக்களுக்கு இது பொருந்தக்கூடும். மாற்றுப் பொருள்களும் இன்று வந்துள்ளன. வளர்க்காமல் அப்படியே செலுத்தும் கொடிக்குருதிக்கு இக்குறை இல்லை. உயிர் காக்கும் நெருக்கடியில் முடிவு அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது. ஆனால் அறிந்து முடிவு செய்யும் உரிமை நமக்கு உண்டு. மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

தொப்புள்கொடி உலர்ந்து விழுந்ததும் அதை வெள்ளித் தாயத்தில் இட்டுக் குழந்தையின் அரைஞாணில் கட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்நாளிலேயே நம் முன்னோர் குருத்தணு வங்கியை அறிந்திருந்தனர் என்று கைப்பேசிகளில் ஒரு செய்தி உலவுகிறது. உலர்ந்த கொடியில் உயிருள்ள அணு எதுவும் இல்லை. குருத்தணுவைக் காக்கத் திரவ நைட்ரஜனில், உறைநிலைக்குக் கீழே 196 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். தாயத்தில் இருப்பது பாட்டியின் அன்பு. அதை அன்பாகவே போற்றுவோம். மருந்தாக்கி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

ஏற்கெனவே பணம் செலுத்திச் சேமித்திருப்போர் வருந்த வேண்டியதில்லை. தீங்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. சேகரித்த குருதியின் அளவு, அணுக்களின் எண்ணிக்கை, தொற்றுச் சோதனை முடிவு ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வங்கிக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் நடப்பில் உள்ளதா, நிறுவனம் மூடப்பட்டால் பைகள் எங்குச் செல்லும் என்பவற்றை ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள்.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? இரண்டு செயல்களை இந்த விழாவில் உங்கள் முன் வேண்டுகோளாக வைக்கிறேன்.

முதலாவது, நோய் வருமுன் காத்தல். நம் நாட்டில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் தலசீமியாக் கூற்றைத் தம் உடலில் தாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நோய் ஏதும் இராது. ஆனால் அத்தகைய இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்குக் கடும் தலசீமியா வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நம்முடையது எண்ணிக்கையில் சிறிய சமூகம். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது பெரும்பாலும் நமக்குள்ளேயே. மாமன் மகள், அத்தை மகன் என்னும் உறவுத் திருமணங்களும் உண்டு. ஆகவே ஜாதகம் பார்ப்பதற்கு முன், ஹீமோகுளோபின் ஏ2 என்னும் எளிய குருதிச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஒரு குழந்தை மாதந்தோறும் குருதி ஏற்றிக்கொண்டு வாழும் துயரை இந்த ஒரு சோதனை தடுக்கும்.

இரண்டாவது, கொடை. திசுப்பொருத்தம் மரபு வழியாக வருவது. ஆகவே நம் சமூகத்தில் ஒருவருக்கு மஜ்ஜை தேவைப்பட்டால், பொருத்தமானவர் நம்முள்ளேயே கிடைக்கும் வாய்ப்புப் பிற இடங்களைவிட மிகுதி. அயல்நாட்டுப் பதிவேடுகளில் எத்தனை இலட்சம் பேர் இருந்தாலும் அவர்களுள் நம்மைப் போன்றோர் மிகச் சிலரே. 2009-ஆம் ஆண்டு முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ‘தாத்ரி’ என்னும் குருத்தணுக் கொடையாளர் பதிவேடு இயங்குகிறது. 18 முதல் 50 வயது வரையுள்ள நலமுடையோர் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிக் கொடுத்தால் போதும், பெயர் பதிவாகிவிடும். பொருத்தம் அமைந்து அழைப்பு வந்தால், ஐந்து நாள் ஊசி போட்டு, கையிலிருந்து குருதியைக் கருவி வழியாகச் செலுத்திக் குருத்தணுக்களை மட்டும் பிரித்து எடுப்பார்கள். சில நாள் எலும்புவலியும் தலைவலியும் இருக்கும். எடுத்த அணுக்களை உடல் சில வாரங்களில் ஈடுசெய்துகொள்ளும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை விரதம் ஏற்பது போல எண்ணி ஏற்கவேண்டும். கொடையாளியை நம்பி நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் அழித்த பின்னர், வீட்டார் தடுத்தார்கள் என்று கொடையாளி பின்வாங்கினால், அந்த நோயாளி பிழைப்பது அரிது. ஆகவே பெயர் கொடுக்கும் முன்னர் பெற்றோரிடமும் வாழ்க்கைத் துணையிடமும் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். உறுதியில்லாதவர் பெயர் கொடுக்காமலிருப்பதே அறம்.

என்னிடம் ஒப்பந்தப் படிவத்துடன் வந்த அந்தத் தம்பதியர் இன்று இந்த அவையில் கைக்குழந்தையுடன் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்தில் குருதி நோய் எதுவும் இல்லாததால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அந்தப் பணத்தில் மூவருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறார்கள். கொடியை மூன்று நிமிடம் பொறுத்தே அறுத்தார்களாம். தந்தை சென்ற மாதம் கொடையாளர் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்த்திருக்கிறார். “குழந்தைக்கு ஒன்று நேர்ந்தால்?” என்று அன்று கேட்ட அந்தத் தாய்க்கு நான் கூறியது இதுதான்: உன் குழந்தைக்கு ஒன்று நேர்ந்தால், காக்கப்போவது பெரும்பாலும் வேறொருவருடைய குருதி. அந்த வேறொருவர் இன்றே பதிவேட்டில் இருக்க வேண்டுமானால், நாம் ஒவ்வொருவரும் பிறருடைய குழந்தைக்கு அந்த வேறொருவராக இருக்கவேண்டும்.

அடுத்த ஆண்டு விழாவில் தலசீமியாச் சோதனை முகாமும் கொடையாளர் பதிவு முகாமும் இந்த மண்டபத்திலேயே நடைபெற அறக்கட்டளையினர் ஆவன செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மஞ்சள்காணிக்கும் மருத்துவச் செலவுக்கும் எத்தனையோ முறை பொருள் ஈந்த கைகள் இவை. இந்தக் கொடைக்குப் பொருள் வேண்டியதில்லை, துணிவு போதும்.

 எல்லா உயிரும் நலம் பெறுக.